மதகு திறக்கும் முன் ஒரு விளம்பரம்

“நிறுத்தும் அதை!” என்றார் ராஜா.

அமைச்சர் திருவரங்கர் நிறுத்தவில்லை. கைப்பேசியை மகாராஜாவின் முகத்துக்கு இன்னும் கொஞ்சம் அருகில் கொண்டுபோனார். திரையில் மகாராஜா கம்பீரமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய வழுக்கைத் தலைக்குச் சற்றுக் கீழே எழுத்துகள் ஓடின: ‘கருகரு கூந்தலுக்கு மூலிகைத் தைலம்! இன்றே வாங்குங்கள்!’

“யார் இதைப் போட்டது?”

“நம் தில்லைவிடங்கர்தான், மகாராஜா,” என்றார் அமைச்சர் மிகுந்த வருத்தத்தோடு. அந்த வருத்தத்தை அவர் காலையிலிருந்தே தயாராக வைத்திருந்தார்.

விடங்கர் எழுந்து நின்றார். ஆற்றங்கரை மக்கள் சட்டசபைக்கு அனுப்பிய உறுப்பினர் அவர். வெள்ளிக்கிழமை ஏரி மதகைத் திறக்கப்போகிறார்கள். கரையோரக் குடிசைகள் மூழ்கிவிடும், எல்லோரும் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும் என்று மகாராஜா பேசியதைத்தான் அவர் படம்பிடித்துத் திரைச்சந்தையில் போட்டிருந்தார். திரைச்சந்தை ஒரு வணிகரின் வீடியோ தளம். சேவல் சண்டை முதல் சாம்பார் வைப்பது வரை ஊரே அதில்தான் பார்த்தது. எதைப் பார்க்கப் போனாலும் முதலில் ஒரு விளம்பரம் வந்து வழிமறிக்கும்.

“அரண்மனைக்கென்று சொந்தத் தளம் இருக்கிறதே, விடங்கரே. அதில் போட்டால் என்ன?”

“அதில் நுழைய ஒன்பது கேள்வி கேட்கிறீர்கள், அமைச்சரே. ஏழாவது கேள்வி தாத்தாவின் நட்சத்திரம்.”

“எல்லாம் பாதுகாப்புக்காக.”

“ரொம்பப் பாதுகாப்பு. இதுவரை ஒருவர்கூட உள்ளே வரவில்லை.”

சபையில் யாரோ இருமினார்கள். ராஜா சிரிக்கவில்லை.

“கேளும். பொருள் விற்கும் இடத்தில் இனி என் வார்த்தை வரக்கூடாது. ஆனால் வியாழன் பொழுது சாய்வதற்குள் ஆற்றங்கரையில் ஒருவர் விடாமல் அதைக் கேட்டிருக்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் உமக்கு இந்தச் சபையில் இடமில்லை.”

“என் மச்சினன் சும்மாதான் இருக்கிறான்,” என்று அமைச்சர் பொதுவாகச் சொன்னார்.

விடங்கருக்கு இருக்கையைப் பற்றிய கவலை இரண்டாவதாகத்தான் வந்தது. தண்டோரா போடலாம் என்றால் அதைச் சந்தையில்தான் போட வேண்டும், அங்கேயும் விற்பனை. வீடுவீடாகப் போகலாம் என்றால் ஆற்றுக்குள் இருக்கும் திட்டுகளுக்கெல்லாம் போய்வர இரண்டு நாள் போதாது. வெள்ளிக்கிழமை யார் வீட்டிலாவது அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் வரும்.

“ஒரு சந்தேகம், மகாராஜா. இந்த நாட்டில் எதுவுமே விற்காத இடம் எது?”

“இதென்ன கேள்வி? அரண்மனை.”

“உங்கள் வார்த்தை இங்கே ஒலிக்கலாமா?”

“இங்கேதான் ஒலிக்க வேண்டும்!”

“உத்தரவு,” என்றார் விடங்கர். சபையை விட்டு நேராக அரண்மனைச் சமையல்கட்டுக்குப் போனார்.

வியாழன் காலை. ராஜா உப்பரிகையில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். கீழே ஒரு ஆடு கத்தியது. அவர் எட்டிப் பார்த்தார். முற்றம் முழுக்க ஆடு, மாடு, கோழிக்கூடை, பானை, பாய். நடுநடுவே மனிதர்கள்.

வாசலில் விடங்கரை ஒரு பெண் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னய்யா, மாட்டோட வந்தா ரெண்டு வடைன்னீங்க. கன்னுக்குட்டிக்குக் கணக்கு கிடையாதா?”

“உண்டு செவத்தி, உண்டு. திட்டுல யாராவது மிச்சம் இருக்காங்களா?”

“யாரு இருப்பா? எங்க வீட்டுக்காரரே வந்துட்டாரு. என் தங்கச்சி கல்யாணத்துக்கே வராத மனுசன்.”

விடங்கருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அமைச்சர் உப்பரிகைக்கு ஓடினார். கையில் கைப்பேசி. “பாருங்கள், மகாராஜா! மறுபடியும் திரைச்சந்தை!”

திரையில் சேவல் சண்டை தொடங்கவிருந்தது. அதற்கு முன்னால் விடங்கர் வந்து நின்றார். கையில் ஒரு வடை. ‘அரண்மனை வடை! நெய்யில் பொரித்தது! வியாழன் காலை, இலவசம்! மாட்டோடு வந்தால் இரண்டு. மூட்டை முடிச்சோடு குடும்பமே வந்தால் பாயசமும் உண்டு!’

“விடங்கரே!” என்று மேலிருந்து கத்தினார் ராஜா. “நான் என்ன சொன்னேன்?”

விடங்கர் படியேறி வந்து கைகட்டி நின்றார். “பொருள் விற்கும் இடத்தில் உங்கள் வார்த்தை வரக்கூடாது என்றீர்கள். வரவில்லை, மகாராஜா. அதனால் நான் விளம்பரமாகவே போனேன். இவர்கள் இன்னும் உங்கள் வார்த்தையைக் கேட்கவில்லை. கேட்க வந்திருக்கிறார்கள். அரண்மனை இருக்கும் மேட்டுக்கும் வந்துவிட்டார்கள்.”

ராஜா வாயைக் கொப்பளித்தார். மேலாடையைச் சரிசெய்துகொண்டு பேசத் தொடங்கினார். “என் அன்பு மக்களே! நாளை ஏரி மதகு...”

“சுண்டல்! சூடான சுண்டல்!”

கூட்டம் மொத்தமாகத் திரும்பியது. தூக்குவாளியோடு ஒருவன் மாடுகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தான்.

“அரண்மனைக்குள்ளேயே விற்பனையா!” அமைச்சர் துள்ளினார். “துரத்துங்கள் அவனை!”

“துரத்தலாம்,” என்றார் விடங்கர். “ஆனால் கூட்டமும் அவன் பின்னாலேயே போய்விடும்.”

ராஜா உப்பரிகையிலிருந்து குனிந்தார். “ஏனப்பா, உன்னை யார் இங்கே கூப்பிட்டது?”

“யாரும் கூப்பிடல சாமி. ஜனம் இருந்துச்சு, வந்தேன்.”

ராஜா அவனைப் பார்த்தார். விடங்கரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. சுண்டல்காரன் எல்லோருக்கும் கொடுத்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, அதன்பிறகு மதகைப் பற்றிப் பேசினார். ஒருவர் விடாமல் கேட்டார்கள். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

“திரைச்சந்தைப் பொறுப்பு இனி விடங்கருக்கு,” என்று அன்று மாலை சபையில் அறிவித்தார்.

“எனக்கு, மகாராஜா?” என்றார் அமைச்சர்.

“தண்ணீர் வடிய ஒரு வாரம் ஆகும். இவர்கள் எல்லோரும் இங்கேதான் இருப்பார்கள். வடைப் பொறுப்பு உமக்கு. மச்சினனையும் கூட்டிக்கொள்ளும், சும்மாதானே இருக்கிறார்.”

சபை கலைந்தது. அந்தப்புர வாசலை அடைத்தபடி பாய் விரித்து ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ராஜா மிதியடிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பாயைத் தாண்டி உள்ளே போனார்.