கொளஞ்சி கொண்டுபோன சன்னல்

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் என்பார்கள். லோடு ஆட்டோ கொளஞ்சி பொருத்தம் பார்க்கிற ஆளே இல்லை. கல்யாணத்தையே பொருத்தம் பார்க்காமல் பண்ணிக்கொண்டவன், பொய்க்கா பார்க்கப்போகிறான்? சிங்கப்பூரில் இரண்டு வருசம் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவன். அங்கே சிமென்டில் கட்டிய மாடிகளைவிட ஊருக்கு வந்து வாயாலேயே கட்டிய மாடிகள்தான் அதிகம்.

அன்றைக்குப் பவளக்கொடியையும் அவள் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வைரப்பெருமாளின் வெங்காய மண்டிக்கு வந்திருந்தான். பெரம்பலூர்ப் பக்கம் இருக்கிற அந்த ஊரில் யார் வெளிநாடு போனாலும் பெட்டியை முதலில் இந்த மண்டித் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏர்போர்ட்டுக்குக் கிளம்புவார்கள். வைரப்பெருமாள் அதற்கு ஒரு பைசா வாங்கமாட்டார். நெற்றி நிறைய விபூதி, காலையில் கடை திறந்ததும் தராசுக்குச் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் முதல் மூட்டையை ஏற்றுவார்.

பவளக்கொடிக்கு மறுநாள் பயணம். மகள் கயலுக்குச் சிங்கப்பூரில் பேறுகாலம். முதல் தடவை விமானம் ஏறப்போகிறாள். மருமகன் போனில் எல்லாம் சொல்லியிருந்தார். பெட்டி முப்பது கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் தனியாகக் கட்டணும். சீட்டைத் தேர்ந்தெடுக்கவும் தனியாகக் காசு, அதனால் அவர்கள் கொடுக்கிற இடத்தில் உட்காருங்கள் அத்தை. காசுகூடப் பரவாயில்லை. அவள் பயந்தது வேறொன்றுக்கு. போன வருசம் பக்கத்துத் தெரு மல்லிகா, எடை கூடிவிட்டது என்று ஏர்போர்ட்டில் அத்தனை பேர் பார்க்கப் பெட்டியைத் திறந்து, தரையில் உட்கார்ந்து, உள்பாவாடையையும் வத்தல் பொட்டலத்தையும் வெளியே எடுத்து வைத்தாளாம். அந்தக் கோலம் தனக்கு வந்துவிடக் கூடாது. அதைவிட, பெட்டிக்குள் மகளுக்காகத் தன் கையால் கிண்டிய பேறுகால லேகியம் ஒரு தூக்கு நிறைய இருந்தது. அதை எடுத்துப் போடு என்று எவளாவது சொல்லிவிட்டால்?

பெட்டியைத் தராசில் வைத்தார்கள். சிவப்பு எழுத்தில் முப்பது என்று நின்றது.

"கரெக்டா முப்பது. ஆனா ஒண்ணும்மா," என்றார் வைரப்பெருமாள். "ஏர்போர்ட்ல மூணு கிலோ கூடத்தான் காட்டும். மல்லிகாவுக்கும் இங்க முப்பதுதான். நம்ம ஊர்லேர்ந்து போன அத்தனை பேருக்கும் அதே கதைதான். காசு புடுங்கறதுக்குன்னே வச்சிருக்கிற தராசு அது."

அது ஊருக்கே தெரிந்த சங்கதி. சின்னப் பிள்ளையைக் கேட்டால்கூட ஏர்போர்ட்டுத் தராசு திருட்டுத் தராசு என்று சொல்லும். பவளக்கொடி கொளஞ்சி பக்கம் திரும்பினாள்.

"தம்பி கொளஞ்சி, நீ போயிட்டு வந்தவன். அங்க போயி எப்படித் தப்பிக்கிறது? எனக்கு முட்டிவலி வேற. நல்ல சீட்டா கேட்டு வாங்கறது எப்படி? கொஞ்சம் சொல்லேன்."

கரும்பு தின்னக் கூலியா வேண்டும்? கொளஞ்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெங்காய மூட்டை ஒன்றின்மேல் ஏறி உட்கார்ந்தான். வெங்காயத்தை எடை போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்த விவசாயிகள் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்து வந்தார்கள்.

"யக்கா, நான் இதுவரைக்கும் பெட்டிக்கும் சீட்டுக்கும் ஒத்த ரூவா கட்டினதில்ல. மொத தடவ போறப்ப கவுண்டர்ல இருந்த பொண்ணு, சன்னல் ஓரமா, நடை ஓரமா, எது வேணும்னாலும் தனிக் காசுங்குது. நான் சொன்னேன், சீட்டே வேணாம்மா, நான் நின்னுக்கிட்டே வர்றேன், நம்ம துறையூர் பஸ்ல நிக்காத நிப்பான்னு. அந்தப் பொண்ணு ஆடிப்போச்சு. நிக்கிறவங்களுக்குப் புடிச்சுக்கக் கம்பி இல்ல சார், தயவுபண்ணி உக்காருங்கன்னு கையெடுத்துக் கும்புட்டு மூணு சீட்ட ஒண்ணா குடுத்துச்சு. படுத்துக்கிட்டே போனேன்."

"ஏன், மெத்தை போடலியா?" என்றார் நல்லுசாமி. அன்றைக்கு இருபது மூட்டை சின்ன வெங்காயம் கொண்டுவந்திருந்த விவசாயி. வாயில் வெற்றிலை, கண்ணில் குறும்பு.

"போட்டாங்க. தலகாணி உசரமா இருக்குன்னு நான்தான் வேணாம்னுட்டேன். கேளுங்க. அடுத்த தடவ பெட்டியில அஞ்சு கிலோ கூடிப்போச்சு. காசு கட்டுங்கிறாங்க. நான் என்ன பண்ணினேன், கவுண்டர் மேலயே பெட்டியத் தொறந்து அதிரசத்த எடுத்துத் தின்ன ஆரம்பிச்சேன். அதிரசம் முடிஞ்சு முறுக்கு. முறுக்கு முடிஞ்சு பொருள்விளங்கா உருண்டை. ஊறுகா பாட்டில நக்கியே காலி பண்ணினேன். பின்னாடி வரிசையில நின்னவங்க, அண்ணே எங்களுதையும் கொஞ்சம் தின்னு குடுங்கன்னு கெஞ்சினாங்க. சரி, பாவம்னு அவங்களுதையும் தின்னேன். அன்னிக்கு அந்த விமானத்துல எடை கூடினதுக்கு ஒருத்தரும் காசு கட்டல. வயித்துக்குள்ள போனதுக்குக் காசு கேக்கச் சட்டத்துல எடமில்லக்கா."

பவளக்கொடி கணக்குப் போட்டுப் பார்த்தாள். லேகியத்தை அப்படியே தின்றால் தனக்கே பேறுகாலம் பார்க்க வேண்டி வரும்.

"டே கொளஞ்சி!" என்று அதட்டினார் வைரப்பெருமாள். "தராசு இருக்கிற எடத்துல பொய் பேசாதடா. நாக்கு அழுகிப்போயிடும்."

"மொதலாளி, இதுக்கே இப்படின்னா அடுத்தத எப்படித் தாங்குவீங்க? மூணாந் தடவ, திருவிழாவுல பலூனுக்கு அடிப்பானே கேஸு, அத பெட்டிக்குள்ள அடிச்சுக் கொண்டுபோனேன். கவுண்டர்ல வச்சா தராசுல ஒண்ணுமே காட்டல. இன்னும் கொஞ்சம் உத்துப் பாத்தா, நாலு கிலோ கொறச்சலாக் காட்டுது!"

"ஒண்ணுமே இல்லாததுக்கும் கீழ நாலு கிலோவா?"

"ஆமா நல்லுசாமியண்ணே. அப்ப நீங்கதான எனக்குக் காசு தரணும்னு கேட்டேன். மேனேஜர் வந்தாரு. வாஸ்தவம்தான்னுட்டாரு. அதுக்குள்ள பெட்டி எந்திரிச்சுப் போயி மேக்கூரையில ஒட்டிக்கிச்சு. ஏணி போட்டு எறக்கி, நாலு பேரு அமுக்கிப் புடிச்சு விமானத்துல ஏத்தினாங்க. ஏறினது சரி, சிங்கப்பூர்ல எறங்கணும்ல? எறங்கமாட்டேங்குது! என் பெட்டி தூக்கிக்கிட்டே நிக்குது. மூணு சுத்து சுத்திட்டு பைலட்டே எந்திரிச்சு வந்துட்டாரு. அண்ணே, புள்ளகுட்டிக்காரன் நானு, பெட்டியக் கொஞ்சம் தொறந்து காத்த விட்டுருங்கன்னாரு."

"பைலட்டு இங்க வந்துட்டா அங்க ஓட்டினது யாரு?"

"அந்தச் சமயத்துல என் சீட்டுலேர்ந்தே நான் கொஞ்சம் பாத்துக்கிட்டேன்."

மண்டியே சிரித்தது. ஒருவருக்குப் புரையேறி, பக்கத்திலிருந்தவர் தலையில் தட்டினார். வைரப்பெருமாள் மட்டும் தலையில் அடித்துக்கொண்டு, "அண்டப் புளுகு, ஆகாசப் புளுகுன்னு கேட்டிருக்கேன். இவன் ஆகாசத்துக்கே போயி புளுகிட்டு வந்திருக்கான்," என்றார்.

"கடைசியா ஒண்ணு. அதோட அக்கா பெட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பறேன். நாலாந் தடவ எனக்கு நடு சீட்டு. சன்னல் சீட்டுக்குத்தான காசு கேக்கறீங்க, எங்க வீட்டு சன்னலுக்குக் கேக்க முடியாதுல்லன்னு, வீட்டு சன்னலையே பேத்து எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். கம்பியோட, கதவோட!"

"சன்னல் எத்தன கிலோடா இருந்துச்சு?"

"மூடியிருந்தாத்தான்ணே கிலோ. தொறந்து வச்ச சன்னல்ல பாதி வெறும் காத்துதான? கைப்பையோட கைப்பையா விட்டுட்டாங்க. நடு சீட்டுல உக்காந்து, மூஞ்சிக்கு நேரா புடிச்சுக்கிட்டுக் கதவத் தொறந்தேன் பாருங்க, நம்ம ஊரு மேலக்காத்து ஜில்லுன்னு அடிக்குது. எங்க வாசல் தெரியுது. எங்க வீட்டுக்காரி மொளகா காயப்போட்டுட்டு உள்ள போயிட்டா. ஆடு ஒண்ணு வந்து அதுல வாய வைக்குது. எனக்குப் பொறுக்குமா? 'ஏய், த்தூ, ஓடு'ன்னு ஒரு சத்தம் போட்டேன். ஆடு ஓடியே போச்சு. அது உங்க ஆடுதான் நல்லுசாமியண்ணே. நொண்டிக்கிட்டு வந்துச்சுன்னு சொன்னீங்கள்ல, அன்னிக்குத்தான்."

நல்லுசாமி வெற்றிலையைத் துப்ப எழுந்துபோனவர் சிரிப்பு தாங்காமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பவளக்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்து நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் அந்தச் சிரிப்பில் கொஞ்ச நேரம் காணாமல் போயிருந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் அது திரும்ப வந்துவிட்டது.

"போதும் தம்பி. பெட்டியத் தூக்கி வண்டியில வை. வர்றது வரட்டும்."

கொளஞ்சி தராசிலிருந்து பெட்டியைத் தூக்கினான். ஓர் அடி வைத்தவன் நின்றான். கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை தூக்கினான்.

"யக்கா... இது முப்பது இல்லியே. மூணு கிலோ கூட இருக்கும்போல."

மண்டி மறுபடி குலுங்கியது. "சன்னலத் தூக்கின கையாச்சே, தப்பா சொல்லுமா?" என்றார் நல்லுசாமி.

"இல்லண்ணே, இது... வந்து... தெனம் மூட்டை தூக்கறவன் நானு. இது முப்பதுன்னு என் கைக்குத் தோணல." அவ்வளவுதான் வந்தது.

"ஏண்டா, என் தராசு பொய், உன் கை நெசமா?" வைரப்பெருமாள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

பவளக்கொடி கொளஞ்சியின் முகத்தைப் பார்த்தாள். பலூன் பெட்டிக்கும் ஆட்டுக்கும் ஒரு இடத்தில்கூடத் தடுக்காத நாக்கு இதற்குத் தடுக்கிறது. கூச்சத்தில் காது சிவந்திருந்தது. பொய் சொல்ல இவன் கூச்சப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அதோடு இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. ஏர்போர்ட்டுத் தராசும் மூன்று கிலோ கூட என்கிறது. இவன் கையும் மூன்று கிலோ கூட என்கிறது. இரண்டும் பேசிவைத்துக்கொண்டா சொல்கின்றன?

மண்டியில் சுவரோரம் ஓர் அரிசிச் சிப்பம் சாய்ந்திருந்தது. தைத்த தையல் பிரிக்காத புது மூட்டை.

"மொதலாளி, அந்த அரிசி யாருது?"

"நம்ம வீட்டுக்கு வாங்கினது. எதுக்கும்மா?"

"எத்தன கிலோ?"

"மேலதான் போட்டிருக்கே, இருபத்தாறு கிலோ சிப்பம்."

"தம்பி, அதத் தூக்கித் தராசுல வை."

"அது எதுக்கும்மா இப்ப, வீட்டுச் சாமான..." என்று வைரப்பெருமாள் எழுந்து வருவதற்குள் சிப்பம் தராசில் ஏறிவிட்டது. சிவப்பு எழுத்து ஓடி, தயங்கி, நின்றது. இருபத்துமூன்று. அதற்கு மேல் ஏதோ கொசுறு.

சிரிப்பு நின்றுபோனது. அத்தனை விவசாயிகளும் தராசைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் மூட்டைகளைப் பார்த்தார்கள், பிறகு வைரப்பெருமாளைப் பார்த்தார்கள்.

"அது வந்து..." என்றார் அவர். "மில்லுல ஈரத்தோட அடைச்சிருப்பான். காஞ்சு போயிருக்கும்."

"ரெண்டரை கிலோ ஈரமா மொதலாளி?" நல்லுசாமி வாசலிலிருந்து எழுந்து வந்தார். "வெளிய வந்திருந்தா மண்டியில வாய்க்காலே ஓடியிருக்குமே."

"மேல ஃபேன் சுத்துதுல்ல. காத்து வந்து எடையக் கொறைக்கும்."

"மேலேர்ந்து அடிக்கிற காத்து அமுக்கத்தான செய்யும்? எப்படித் தூக்கும்?"

"அப்ப எலி! எலி தின்னுருக்கும்!"

"தையல் பிரியலியே!"

"அதுக்கென்னண்ணே," என்றான் கொளஞ்சி. அவனுக்கு நாக்கு திரும்பி வந்துவிட்டது. "தின்னுட்டுத் தைச்சு வச்சிருக்கும். மொதலாளி வீட்டு எலி, ஊசி நூல் இல்லாமயா இருக்கும்?"

நல்லுசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். "என் இருபது மூட்டையும் மறுபடி ஏறும். எல்லாருதும் ஏறும். அதுக்கு முன்னாடி தராசச் சரிபண்ணுங்க."

வைரப்பெருமாள் சுற்றிலும் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. குனிந்து தராசின் பின்பக்கம் எதையோ திருகினார். அரிசிச் சிப்பம் சமர்த்தாக இருபத்தாறு காட்டியது. பவளக்கொடியின் பெட்டியை வைத்தார்கள். முப்பத்துமூன்று. இத்தனை வருசமாக ஊர் வாயில் விழுந்து எழுந்த ஏர்போர்ட்டுத் தராசு அன்றைக்குத்தான் குற்றம் நீங்கி விடுதலையானது.

பவளக்கொடி அங்கேயே வெங்காயத் தோலுக்கு நடுவே பெட்டியைத் திறந்தாள். ஊர்க்காரர்கள் முன்னால் திறப்பதில் அவளுக்கு வெட்கமாகவே இல்லை. இட்லி அரிசியை எடுத்தாள், சிங்கப்பூரில் அரிசி கிடைக்காதா என்ன. பூண்டை எடுத்தாள். லேகியத் தூக்கு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மூடி வைத்துப் பார்த்தாள். நிஜமான முப்பது. இனி எந்தச் சீமையில் கொண்டுபோய் நிறுத்தினாலும் பயமில்லை. மனசு லேசாகிவிட்டது. நடு சீட்டு கொடுத்தாலும் சரி, முட்டி வலித்தாலும் சரி, பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறாள், அவ்வளவுதான்.

"தம்பி, நல்ல வேளை சொன்னப்பா," என்றாள். கொளஞ்சிக்கு அதைக் கேட்டுப் பழக்கமில்லை. நெளிந்தான்.

வைரப்பெருமாளுக்குத்தான் ஆறவில்லை. மூட்டைகள் ஒவ்வொன்றாக மறுபடி ஏற ஏற அவர் முகம் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் கோபமெல்லாம் கொளஞ்சிமேல் திரும்பியது.

"டே, ஊரே உன்னப் புளுகன்னு சொல்லுது. நீ வந்து என் தராசப் பொய்யின்னு சொல்ற! உனக்கு அந்த யோக்கியதை இருக்காடா?"

கொளஞ்சி தான் உட்கார்ந்து கதை சொன்ன மூட்டையிடம் போனான். தோளிலிருந்த துண்டை எடுத்து அதன்மேல் தூசி தட்டினான். ஓரமாக ஒதுங்கி நின்று, இரண்டு கையாலும் அந்த இடத்தைக் காட்டினான்.

"மொதலாளி, இனிமே நீங்க இங்க உக்காருங்க. எனக்கெல்லாம் ஒரு புளுகு வரணும்னா வாயத் தொறந்தாகணும். நீங்க வாயே தொறக்காம, தெனம் சூடம் கொளுத்தில்ல புளுகியிருக்கீங்க!"