செண்பகவல்லியின் செயலியைச் சோதித்த மூவர்

அண்டங்களை எல்லாம் படைத்து, அவற்றின் நடுவே மனிதனை நிறுத்தி, அவன் தலைக்குள் அறிவென்னும் விளக்கை ஏற்றிவைத்த அம்மையப்பனின் திருவடிகளை முதற்கண் வணங்குவோம். சில தலைகளில் அவ்விளக்கை ஏற்றும்போது சற்றே காற்றடித்துவிட்டது என்றால், அதுவும் திருவிளையாடலே என்று கொண்டு கதைக்குள் புகுவோம்.

பூவரசங்குளம் என்ற ஊரில் செண்பகவல்லி என்ற அம்மையார் நூலகராக இருந்தார். நாற்பது வயது. நரம்புகளின் மேலுறை ஆங்காங்கே தேய்ந்துபோகும் நோய் அவருக்கு. மருத்துவர்கள் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பார்கள். ஒருநாள் கால் மரத்துப்போகும். ஒருநாள் பார்வை மங்கும். வெயில் ஏறினால் உடம்பு ஈரத்துணிபோல் துவண்டுவிடும். ஆயினும் அவருடைய கைப்பேசியில் ஒரு செயலி இருந்தது. எப்போது மருந்து, எப்போது ஓய்வு, எந்தப் பயிற்சி என்று அது சொல்லும். அவர் நடந்த நடையையும் பட்ட சோர்வையும் நகரத்து நரம்பியல் மருத்துவருக்கு உடனுக்குடன் அனுப்பும். அது வருமுன் பதினைந்து நாளைக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் பேருந்தில் குலுங்கிப் போய்வந்து, அந்த அலுப்புத் தீர மூன்று நாள் படுத்துக் கிடப்பார்.

செயலியின் ஆண்டுச் சந்தா ஆறாயிரம் ரூபாயைக் கட்டிவந்தது ஊர் மருத்துவ உதவிச் சபை. சபையில் மூவர். மூவர் என்றவுடன் மும்மூர்த்திகளை நினைத்துவிட வேண்டாம். தலைவர் ஆளவந்தார், செயலாளர் தாண்டவராயர், பொருளாளர் பொன்னுரங்கம். மூவரும் பொய் சொல்லமாட்டார்கள். பிறர் பொருளுக்கு ஆசைப்படமாட்டார்கள். சொன்ன சொல்லுக்கு அப்பால் ஓர் அங்குலமும் சிந்திக்கமாட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, சபைக்குப் பணம் தரும் நகரத்துப் புரவலரிடமிருந்து கடிதம் வந்தது. “செயலியைச் சில நாள் கூடவே இருந்து பாருங்கள். போட்ட பணத்துக்கு ஏற்ற பயன் உண்டா, எத்தனை பேருக்கு உண்டு என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் நிறுத்திவிடலாம்.”

கடிதச் செய்தி செண்பகவல்லிக்கும் எட்டியது. மூவரும் நூலகத்துக்கு வந்து, கைப்பேசியை மேசைமேல் வைத்து, சுற்றிலும் அமர்ந்து, அதையே கண்கொட்டாமல் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் பார்த்தார்கள்.

“ஐயா, நீங்க பார்க்க வேண்டியது என்னைத்தான்,” என்றார் செண்பகவல்லி.

“கடுதாசியில செயலியைன்னுதான் இருக்கும்மா,” என்றார் தாண்டவராயர். “உன்னைப் பத்தி ஒரு வரிகூட இல்ல.”

பொன்னுரங்கத்துக்கு அரிசிக்கடை உண்டு. அவர் தராசைத் தருவித்தார். செயலியோடு கைப்பேசியை ஒருமுறை நிறுத்தார். செயலியை நீக்கச் சொல்லி மறுமுறை நிறுத்தார். முள் அசையவில்லை.

“ஆறாயிரம் ரூபா!” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். “ஒரு குந்துமணி எடைகூட இல்லையே! இந்தப் பணத்துக்குத் துவரம்பருப்பு வாங்கியிருந்தா ரெண்டாள் தூக்கணும்.”

“ஐயா, அது பருப்பு இல்லைங்களே.”

“அதைத்தாம்மா நானும் வருத்தத்தோட சொல்றேன்.”

செண்பகவல்லி செயலியை மீண்டும் ஏற்றிவைத்து, இனி என்ன வருமோ என்று காத்திருந்தார். வந்தது தலைவரின் யோசனை.

“பொறுங்க. எத்தனை பேருக்குப் பயன்னும் கேட்டிருக்காங்க. இது சொல்ற புத்திமதியை இந்தப் பொண்ணு ஒருத்தி கேட்டா, ஒருத்திக்கே ஆறாயிரம். நாமும் சேர்ந்து கேட்டா?”

“தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு!” என்று கூவினார் பொன்னுரங்கம்.

மூவரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். தாண்டவராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். “போனைக் குடும்மா. நீ ஒருத்தி, நாங்க மூணு பேரு. பெரும்பான்மை எங்க இருக்கோ, அங்கதான் அது இருக்கணும்.”

மறுத்தால் வெள்ளிக்கிழமை என்ன எழுதிவைப்பார்களோ என்ற அச்சத்தில் செண்பகவல்லி கொடுத்துவிட்டார். அதில்தான் மருத்துவரின் எண்ணும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் நூலகச் சன்னல் வழியே பார்த்தபோது மூவரும் கடைவீதியின் நட்ட நடுவில் நடந்துகொண்டிருந்தார்கள். “ஓய்வு நேரம்,” என்றது கைப்பேசி. “இருக்கும் இடத்திலேயே அமருங்கள்.” அமர்ந்துவிட்டார்கள். பின்னால் வந்த டவுன் பஸ் கிறீச்சிட்டு நின்றது.

“யோவ் பெரியவரே!” என்று தலையை நீட்டினார் கண்டக்டர். “நடுரோட்டுல என்ன பந்தியா போட்டிருக்கு?”

“ஓய்வு எடுக்கறோம் தம்பி,” என்றார் ஆளவந்தார்.

“வீட்டுல போய் எடுங்கய்யா!”

“இருக்கிற இடத்துலன்னு உத்தரவு. இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு. நீங்களும் வந்து உட்காருங்க. தலைக்கு ஆகற செலவு இன்னும் குறையும்.”

கண்டக்டர் தலையை உள்ளே இழுப்பதற்குள் பயணிகளில் நால்வர் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களும் பூவரசங்குளத்துக்காரர்கள்தாம்.

புதன்கிழமை நடுப்பகலில் கைப்பேசி, “வெயில் கடுமை. உடலைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள்,” என்றது. மூவரும் சட்டை வேட்டி அங்கவஸ்திரத்தோடு ஊர்க்குளத்தில் கழுத்தளவு இறங்கினார்கள். கைப்பேசியை மட்டும் ஆளவந்தார் தலைக்குமேல் ஏந்தியிருந்தார். சிறிது நேரத்தில் அடுத்த ஆணை பிறந்தது: “நாற்காலியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள்.”

“கரை ஏறிடலாமா?” என்றார் பொன்னுரங்கம்.

“முன்னதை ரத்து பண்ணலையே,” என்றார் தாண்டவராயர். “ரெண்டையும் சேர்த்துத்தான் செய்யணும்.”

நூலகத்துப் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. மூவரும் அதைப் பற்றிக்கொண்டு, நீருக்குள் ஒற்றைக்காலில் நின்றார்கள். நாற்காலியோ மிதந்தது, காற்றடித்த பக்கம் நகர்ந்தது. இவர்களும் விடாமல் நொண்டியபடியே ஆழத்துக்குப் போனார்கள். மீன்குத்தகைக்காரர் வலைவீசி இழுத்தபோது நால்வராகக் கரை சேர்ந்தார்கள், நாற்காலியையும் சேர்த்து.

செயலி சோர்வின் அளவைக் கேட்டது. ஒன்று முதல் பத்துக்குள் சொல்ல வேண்டும்.

“எனக்கு நாலு,” என்றார் ஆளவந்தார்.

“எனக்கு மூணு,” என்றார் தாண்டவராயர்.

“எனக்கும் மூணுதான்,” என்றார் பொன்னுரங்கம்.

“ஆக மொத்தம் பத்து,” என்று பதிந்தார்கள்.

இதற்கிடையே செண்பகவல்லியின் இடக்கால் புதன் காலையிலிருந்தே மரத்துக் கிடந்தது. செயலி கையில் இருந்திருந்தால் மருத்துவருக்கு அந்நேரமே தெரிந்திருக்கும். வியாழக்கிழமை, கைத்தடியை ஊன்றிக் காலை இழுத்து இழுத்துச் சபை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே கைப்பேசி ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. மூவரும் அதைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள்.

“ஐயா, ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிடறாங்க! எடுங்க!”

“பார்க்கத்தாம்மா சொல்லியிருக்காங்க,” என்றார் தாண்டவராயர் நிதானமாக. “பேசச் சொல்லல.”

செண்பகவல்லி எட்டி எடுப்பதற்குள் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. நாளொன்றுக்கு நானூறு அடி நடக்கவே திணறும் பெண்மணி பதினாலாயிரம் அடி நடந்திருக்கிறார், சோர்வு பத்துக்குப் பத்து, அழைத்தால் எடுக்கவில்லை. மருத்துவர் பதறி, கைப்பேசி காட்டிய இடத்துக்கு வண்டியை அனுப்பியிருந்தார்.

“இங்க செண்பகவல்லி யாருங்க?” என்றார் ஓட்டுநர்.

நான்கு கைகள் உயர்ந்தன.

“ஐயா, என்ன இது!” என்றார் செண்பகவல்லி.

“செயலியைத் திறக்கும்போதெல்லாம், ‘நீங்கள் செண்பகவல்லிதானே’ன்னு கேட்டுச்சு,” என்று அவர் காதோடு சொன்னார் ஆளவந்தார். “மூணு நாளா ஆமாம்னு அழுத்திட்டோம். இப்ப இல்லைன்னா பொய்யாயிடும்மா.”

நால்வரையும் ஏற்றிக்கொண்டு வண்டி நகரத்துக்குப் பறந்தது.

மருத்துவர் அம்மையார் உண்மைச் செண்பகவல்லியை முதலில் பார்த்து, காலைச் சோதித்து, உடனே ஊசிமருந்து ஏற்றச் சொன்னார். “இன்னிக்கே வந்தீங்களே, நல்லதாச்சு. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா நடை திரும்ப மாசக்கணக்கா ஆயிருக்கும்,” என்றார். பிறகு மற்ற மூன்று செண்பகவல்லிகளை வரிசையில் நிறுத்தினார்.

“கண்ணை மூடிக்கிட்டு, விரலால மூக்கைத் தொடுங்க.”

மூன்று விரல்களும் மருத்துவரின் மூக்கில் வந்து நின்றன.

“என்னய்யா இது!”

“யார் மூக்குன்னு சொல்லலைங்களே,” என்றார் பொன்னுரங்கம், கண்ணைத் திறவாமலே. “உங்களதுதான் கைக்கெட்டுச்சு.”

கட்டிலில் கிடந்த செண்பகவல்லி சிரித்த சிரிப்பில் ஊசி கழன்றுவிடுமோ என்று செவிலியர் ஓடிவந்தார். மருத்துவர் தம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ‘இவருக்கு மேற்படி நோய் இல்லை’ என்று மூவருக்கும் தனித்தனியே சான்றெழுதித் தந்தார். செயலி தந்த எச்சரிக்கையால்தான் நோயாளி உரிய காலத்தில் வந்துசேர்ந்தார் என்று புரவலருக்கும் ஒரு கடிதம் எழுதினார்.

வெள்ளிக்கிழமை மூவரும் கட்டிலருகே நின்று தம் அறிக்கையைச் செண்பகவல்லிக்கு வாசித்துக் காட்டினார்கள்:

“செயலியைப் பயன்படுத்தியவர் நால்வர். நான்கே நாளில் அவர்களுள் மூவருக்கு நோய் அறவே இல்லை என்று பெரிய மருத்துவரே கையொப்பமிட்டிருக்கிறார். எஞ்சிய ஒருவருக்கு மட்டும் குணமாகவில்லை. அவரிடம் செயலி இல்லாததே அதற்குக் காரணம். ஆகவே அவருக்கு அதைத் தொடர்ந்து அளித்தாக வேண்டும்.”

முதல் வரியிலேயே மறுத்துப் பேச வாயெடுத்த செண்பகவல்லி, கடைசி வரியைக் கேட்டதும் வாயை இறுக மூடிக்கொண்டார். மருத்துவரின் கடிதமும் அறிக்கையும் சேர்ந்து போயின. அடுத்த வாரமே அனுமதி வந்தது.

மூவரும் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, நடுவில் கைப்பேசியை வைத்து, நூலகத்துக்கு வந்து அவரிடம் சேர்ப்பித்தார்கள். ஆளவந்தார் புறப்படும்போது திரும்பி நின்றார். கைத்தடியோடு வழியனுப்ப எழுந்த செண்பகவல்லியைக் கண்டு அவர் உள்ளம் உருகிற்று.

“மனசைத் தளரவிடாதேம்மா,” என்றார், தழுதழுத்த குரலில். “எங்களுக்கும் இருந்ததுதான். எங்களைப் பாரு, நாலே நாள்ல போயிடுச்சு.”

இக்கதையைச் சொன்னவர்க்கும் கேட்டவர்க்கும் பக்கத்து அறையிலிருந்து ஒட்டுக்கேட்டுச் சிரித்தவர்க்கும் நரம்பில் உரமும், நடையில் உறுதியும், கண்ணில் தெளிவும், உரிய நேரத்தில் நல்ல மருத்துவரும் வாய்க்க அம்மையப்பன் அருள்வானாக.