ஏழாவது காது

அந்தமான் கடலுக்கு அடியில் பூமியின் ஓடு எவ்வளவு கனம் என்று அளக்கப் போனவர்களில் ரொசாரி என்று ஒருவர். தூத்துக்குடிக்காரர். இருபது வருசம் கப்பலில் கயிறு இழுத்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். அவருக்கு வழிகாட்டி பேராசிரியர் தமயந்தி. அவரைவிட எட்டு வயது இளையவர்.

வேலை இதுதான். கடலடியில் பன்னிரண்டு கருவிகளை இறக்குவார்கள். காது என்றே அவற்றுக்குப் பெயர். கப்பலிலிருந்து வெடிச் சத்தம் விடுவார்கள். அது பாறைக்குள் இறங்கித் திரும்பி, ஒவ்வொரு காதுக்கும் வர எத்தனை நொடி ஆகிறது? அந்தக் கணக்குக்குப் பொருந்தும்வரை, இங்கே கனத்தைக் கூட்டி அங்கே குறைத்து, கணினியில் பூமியைப் படம் வரைய வேண்டும்.

ரொசாரி கைக்கு வந்த பதிவுகள் பதினொன்று. ஏழாவது இல்லை.

அந்தக் காதைச் சேறும் சகதியுமாகத் தூக்கியது அவர் கைதான்.

"ஏழாவது கெட்டுப்போச்சா மேடம்?"

"நல்லாத்தான் இருக்கு. அதோட பதிவை என் அலமாரியில பூட்டி வச்சிருக்கேன். நீங்க பதினொண்ணை வச்சு வரைங்க."

அன்றைக்குப் பிடித்தது சந்தேகம். அந்த இடத்தில் ஓடு பதினான்கு கிலோமீட்டர் என்று பத்து வருசத்துக்கு முன்பே எழுதிப் பெயர் வாங்கியவர் தமயந்தி. பதினொரு காதுகளோ, இல்லை, மெல்லிசு என்று முனகின. ஏழாவது வாயைத் திறந்தால் அம்மையாரின் பதினான்கு காலி. இல்லாவிட்டால் பூட்டு எதற்கு? மூன்று மாதத்தில் ரொசாரியின் ஆய்வேடு வெளியூர்ப் பரிசோதகர்கள் முன் போக வேண்டும். பொய் எண்ணுக்குத் தன் பெயரைக் கொடுப்பதா?

கருவிகளைப் பராமரிக்கிற நைனா முகமதுவிடம் போனார். ஏழாவதின் வயிற்றுக்குள் பதிவு இன்னும் அழியாமல் இருந்தது.

"என்னவே, சொந்த வாத்தியாருக்கே பொறி வைக்கீரா?" என்று சிரித்துக்கொண்டே நகல் எடுத்துக் கொடுத்தார் நைனா.

ரொசாரி ஏழாவதையும் சேர்த்து வரைந்தார். அதற்குப் பொருந்தும்வரை விடவில்லை. ஒன்பது கிலோமீட்டர் வந்தது. பதினொன்றை வைத்து வரைந்திருந்த பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்தார்.

மறுநாள் அதைத் தமயந்தியின் மேசையில் விரித்தார்.

"ஒன்பது மேடம். பதினாலு இல்ல."

முகம் சுருங்கும் என்று காத்திருந்தார். அது மலர்ந்தது.

"ஒன்பதா! அப்ப நான் வாய்க்கு வந்ததை எழுதியிருக்கேன்." எழுந்து போய் அலமாரியைத் திறந்தார்.

கொண்டுவந்தது ஏழாவதின் பதிவு இருந்த உறை. ஒட்டிய இடத்தில் கையெழுத்து, கப்பல் கரை சேர்ந்த தேதி. பிரித்த அடையாளமே இல்லை.

"நீங்க… பாக்கலையா?"

"விடையைப் பாத்துட்டா எனக்கும் கை அதுக்குப் பொருந்தற பக்கமே போகும். ஏழாவதுக்குச் சத்தம் எத்தனை நொடியில வரணும்னு உங்க படம் சொல்லட்டும். பிறகு இதைப் பிரிப்போம். ஒத்துப்போச்சுன்னா என் பதினாலை நானே அடிச்சுடறேன். எந்தப் பரிசோதகரும் உங்களை அசைக்க முடியாது. பிரிக்கட்டுமா?"

பிரிக்கச் சொல்லியிருக்கலாம். நூல் பிசகாமல் ஒத்துப்போகும். அந்த எண்ணமும் ஒரு நொடி வந்து போனது.

"நான் பாத்துட்டேன் மேடம். நைனாகிட்ட வாங்கி, அதுக்குப் பொருத்தித்தான் வரைஞ்சேன்."

"அதுக்கு முந்தின படம்?"

"அது மேலேயே சேமிச்சுட்டேன்."

தமயந்தி உறையைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்தார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்."

"எதுக்குப் பூட்டினேன்னு நீங்க கேக்கவே இல்லையே, ரொசாரி."

ரொசாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பதினொண்ணை மட்டும் வச்சு மறுபடி வரைஞ்சு தரேன். ஒரு மாசம் கொடுங்க."

"தாராளமா வரைங்க," என்றார் தமயந்தி. "ஏழாவதை மறந்துட்டு வரைங்க."