தொட்டிவலசின் உர மேலாண்மை

தொட்டிவலசு என்றோர் ஊர். அங்கே மனிதர்கள் இருந்தார்கள், மாடுகள் இருந்தன, மூளையும் இருந்தது. மூளை மட்டும் தேய்ந்துவிடக் கூடாதே என்று யாரும் அதை வெளியே எடுப்பதில்லை. மற்றபடி தங்கமான மனிதர்கள். சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் "உட்காருங்க" என்று சொன்னவர் "எழுந்திருங்க" என்று சொல்ல மறந்துவிட்டார் என்பதற்காக, பந்தலைப் பிரித்த பிறகும் உட்கார்ந்திருந்தவர்கள்.

ஊரின் பால் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு புல்வயல் இருந்தது. அதில் வளரும் புல்லை அறுத்துக் காயவைத்துப் போர் போட்டால்தான் கோடையில் மாடுகளுக்குத் தீனி. அந்த வருடம் புல், வழுக்கைத் தலையில் மிச்சமிருக்கும் முடியைப்போல அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது. போர் இல்லையென்றால் மாட்டை விற்க வேண்டியதுதான்.

எல்லோருக்கும் முன்னால் விற்க வேண்டியிருந்தவள் தெய்வாத்தாள். அவளிடம் இருந்தது ஒரே மாடு, செவலை. அதுவும் சினை. மாட்டுத் தரகர் ஏற்கெனவே வந்து அதன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அடுத்த முறை தடவ வரும்போது கையில் கயிறு இருக்கும் என்று செவலைக்குக்கூடத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் ஊரின் செப்டிக் டேங்குகள் எல்லாம் நிரம்பின. ஒரே திட்டத்தில், ஒரே வாரத்தில் கட்டியவை. ஒற்றுமையாகவே நிரம்பின.

ராயப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. இவர் ஊரின் அறிவாளி. ஒருமுறை கோயம்புத்தூருக்குத் தனியாகப் போய், அதே ஆளாகத் திரும்பி வந்தவர்.

"ஏனுங்க தலைவரே, நாம தின்னதுல பாதிச் சத்து அந்தத் தொட்டிக்குள்ளதான கெடக்குது. அதை லாரியில எடுத்து நம்ம புல்லுக்கே ஊத்துனா என்னங்க?"

பால் சங்கத் தலைவர் சென்னியப்பன் திடுக்கிட்டார். ராயப்பன் சொன்னது சரியாக இருந்தது. அப்படி இதற்குமுன் நடந்ததில்லை. பயந்துபோய் வேளாண்மை அலுவலரை வரவழைத்தார்.

அலுவலர் இன்பவல்லிக்கு அதுதான் முதல் வேலை. யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாதே என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார். தெளிவாகச் சொன்னால் புரிந்துவிடும் என்று அவருக்குக் கல்லூரியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"முதல்ல மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்க. மண்ணுல எந்தச் சத்து எவ்வளவு குறையுதோ, அந்த அளவுக்குத்தான் ஊத்தணும். அதிகமா ஊத்தினா புல் கருகிடும், கிணத்துத் தண்ணியும் கெட்டுப்போகும். லாரியிலேயே சுண்ணாம்பு கலந்து, கிருமி செத்த பிறகுதான் வயலுக்குப் போகணும். ஊத்தின வயல்ல ஒரு மாசத்துக்கு மாடு கால் வைக்கக் கூடாது. முக்கியமா, பரிசோதனை பண்ணாத மண்ணுல ஒரு சொட்டுகூட விழக் கூடாது. புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுதுங்க" என்றது ஊர் ஒரே குரலில். இன்பவல்லி எல்லோரையும் நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். பயிற்சி வெற்றிகரமாக நிறைவடைந்தது.

பஸ் கண்ணுக்கு மறைந்ததும் கூட்டம் கூடியது.

"பரிசோதனைன்னா பரிட்சைதானுங்க?" என்றார் தலைவர்.

"அதேதானுங்க" என்றார் ராயப்பன். "டவுன்ல ஆபீசருங்க உக்காந்து மார்க் போடுவாங்க."

எல்லோரும் திரும்பித் தங்கள் வயலைப் பார்த்தார்கள். வெளிறிப்போய், வெடிப்பு விட்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்படும் மண்.

"இந்தச் சோனியை அனுப்பினா ஃபெயிலாயிட்டு வந்து நிக்கும்" என்றார் தலைவர். "ஊரு மானம் என்னாகறது?"

"நல்லாப் படிக்கற மண்ணாப் பாத்து அனுப்போணுங்க" என்றாள் தெய்வாத்தாள். "என்ற செவலையோட உசுரு இதுல இருக்குது."

சுற்றுவட்டாரத்தில் நன்றாகப் படிக்கும் மண் என்றால் அது கரட்டுப்பாறை அங்கமுத்துவின் மண்தான். தலைவரே ஆட்களைக் கூட்டிக்கொண்டு நேரில் போனார். அங்கமுத்துவும் புல்தான் வளர்க்கிறவர். எதற்கு என்று கேட்டார். காரணத்தைச் சொன்னார்கள். அவர் அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எவ்வளவு வேணுமோ அள்ளிக்குங்க" என்றார். நல்லதாகப் பார்த்து அள்ளி, கல் பொறுக்கி, சல்லடையில் சலித்து, நெற்றிக்கு இடுவதுபோல் மேலே கொஞ்சம் திருநீறும் தூவி அனுப்பிவைத்தார்கள்.

முடிவு வந்தது. மண் நன்றாக இருக்கிறது, தழைச்சத்து மட்டும் கொஞ்சம் குறைகிறது, ஏக்கருக்கு ஒரு லாரி போதும் என்று அதில் இருந்தது. ஊரில் பட்டாசு வெடித்தார்கள். முதல் முயற்சியிலேயே பாஸ். தலைவர் வீட்டில் எல்லோருக்கும் லட்டு.

லாரிக்காரர் மணிவேல் குழாயை டேங்குக்குள் விட்டுக்கொண்டே கேட்டார். "எந்த வயலுக்குங்ணா ஓட்டறது?"

"நம்ம வயலுக்குத்தான்" என்றார் தலைவர்.

"இருங்க, இருங்க" என்று குறுக்கே வந்தார் ராயப்பன். அவர் முகத்தில் கோயம்புத்தூர் தெரிந்தது. "இந்தப் பரிசோதனை யாரு மண்ணுக்குங்க பண்ணுனது?"

"அங்கமுத்து மண்ணுக்கு."

"போன மாசம் உங்களுக்கு ரத்தம் எடுத்தாங்களே, மாத்திரை யாருக்குக் குடுத்தாங்க?"

"எனக்குத்தான்."

"உங்க மச்சானுக்குக் குடுத்திருந்தா?"

தலைவர் யோசித்தார். மச்சானுக்கு எது கொடுத்தாலும் அவருக்குப் பிடிக்காது. "கொலையாயிருக்கும்" என்றார்.

"அப்படித்தானுங்க இதும். எந்த மண்ணு சோதனைக்குப் போச்சோ, அந்த மண்ணுக்குத்தான் மருந்து. பரிசோதனை பண்ணாத மண்ணுல ஒரு சொட்டுகூட விழக் கூடாதுன்னு அந்தம்மா அத்தனை தடவை சொல்லலீங்களா?"

"ஒரு தடவைதான் சொன்னாங்க" என்றார் மணிவேல்.

"அப்ப அங்கமுத்து வயலுக்கு ஊத்துனா நம்ம மாட்டுக்கு எப்படிப் புல்லு வரும்?" என்று தெய்வாத்தாள் கேட்டாள்.

நல்ல கேள்வி. அதனால் யாரும் பதில் சொல்லவில்லை. "சொன்னபடி செஞ்சா எல்லாம் வரும் தெய்வா" என்று மட்டும் தலைவர் சொன்னார். அவளும் ஊர்க்காரிதானே. சமாதானமாகிவிட்டாள்.

அடுத்த சிக்கல், யார் வீட்டுத் தொட்டி முதலில் போவது என்பது. புல்லுக்குச் சத்து முக்கியம் என்றால், சத்துள்ள தொட்டிதானே முன்னால் போக வேண்டும்?

"எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னா கறிதான்" என்றார் தலைவர்.

"எங்க வீட்டுல தெனமும் முட்டை" என்றார் ராயப்பன்.

"முட்டை வாங்கறது நெசம். திங்கறது உங்க நாயி" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "எங்க வீட்டுல பருப்பும் நெய்யும். வேணுமுன்னா லாரிக்காரரையே கேட்டுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்."

மணிவேல், தனக்கு ஜலதோஷம் என்று சொல்லிவிட்டார்.

கடைசியில் தலைவர் வீட்டுச் சத்து தலைவர் வீட்டுச் சத்துதான் என்று முடிவாயிற்று. தோற்றுப்போன வீடுகளில் அன்று மாலையே கறி எடுத்துச் சமைத்தார்கள். காலம் கடந்த முயற்சிதான், ஆனாலும் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

சுண்ணாம்பு கலக்கும் நேரம் வந்தது. மூட்டையை அவிழ்த்த தலைவரின் கையைத் தெய்வாத்தாள் பிடித்துக்கொண்டாள்.

"வெறும் சுண்ணாம்பை ஆராச்சும் குடுப்பாங்களா? மொறைன்னு ஒண்ணு இல்லீங்களா?"

உண்மைதான் என்று ஊரே தலையாட்டியது. ஒரு கூடை வெற்றிலையும் ஒரு படி பாக்கும் வந்தன. சுண்ணாம்போடு சேர்த்து அவற்றையும் லாரிக்குள் போட்டார்கள். ராயப்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏலக்காயும் சேர்த்தார். அவர் எப்போதும் ஒரு படி மேலே யோசிப்பவர்.

லாரிகள் வரிசையாகக் கரட்டுப்பாறைக்குப் போயின. ஏக்கருக்கு ஒரு லாரி, ஒரு சொட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தொட்டிவலசில் இருந்த தொட்டி அத்தனையும் காலி. அங்கமுத்து வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அவர் ஒன்றுமே பேசவில்லை. பேசினால் கனவு கலைந்துவிடுமோ என்று பயந்தார் போலிருக்கிறது. கடைசி லாரி போகும்போது எல்லோருக்கும் மோர் கொடுத்தார்.

அதோடு விட்டார்களா? ஒரு மாதத்துக்கு மாடு கால் வைக்கக் கூடாதல்லவா? முறை போட்டுக்கொண்டு தொட்டிவலசு ஆட்கள் அங்கமுத்து வயலுக்குக் காவல் இருந்தார்கள். அவருடைய மாட்டையே உள்ளே விடவில்லை. அவரையும் ஒரு நாள் விடவில்லை. குனிந்து களை பிடுங்கியவரைத் தூரத்திலிருந்து மாடு என்று நினைத்துவிட்டார் ராயப்பன். வெறுமனே உட்கார்ந்திருப்பானேன் என்று அங்கமுத்து தண்ணீர் பாய்ச்சும் வேலையையும் அவர்களுக்கே கொடுத்தார். இதற்கிடையில் ஊர் மாடுகள், காவல் இல்லாத தொட்டிவலசு வயலில் இறங்கி, மிச்சமிருந்த நாலு முடியையும் மேய்ந்து முடித்தன.

மாதம் முடிந்தபோது அங்கமுத்துவின் புல் தோள் உயரத்துக்கு நின்றது. இன்பவல்லி பார்க்க வந்தார். முதலில் தொட்டிவலசு வயலுக்குத்தான் போனார். அங்கே மண் மட்டும் இருந்தது.

"எங்கே ஊத்தினீங்க?"

கூட்டிக்கொண்டு போய்ப் பெருமையாகக் காட்டினார்கள். காரணத்தையும் விளக்கினார்கள். கேட்கக் கேட்க அவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்க மண்ணை ஏங்க அனுப்பலை?" குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. "குறை இருந்தா நல்லதுதாங்க. குறையைக் கண்டுபிடிக்கத்தான் பரிசோதனையே."

தலைவருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "மனசை விடாதீங்கம்மா. ஒரு வருசம் ட்யூசன் வெச்சு, அடுத்த பரிட்சைக்கு அதையும் அனுப்பறோம்."

அன்று மாலை தரகர் வந்தார். கையில் கயிறு. தெய்வாத்தாள் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "சொன்னதைப் பூராச் செஞ்சமே! ஒண்ணு விட்டமா?" என்று அழுதாள். ஊரே அழுதது. தரகருக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் கயிறு கலங்கவில்லை.

கரட்டுப்பாறை வரை கேட்ட அழுகை அங்கமுத்துவைக் கொஞ்சம் உறுத்தியது. ஓர் ஊரையே ஏமாற்றிவிட்டோமோ என்று தோன்றியது. ஏமாற்றவில்லைதான். ஆனாலும் தடுக்கவும் இல்லையே.

"தெய்வா, மாட்டை விக்காதே" என்றார் வந்து நின்று. "உங்க ஊரு வளத்த புல்லுதான். செவலையை என்ற வயலுக்கு ஓட்டிக்கிட்டு வா. கன்னு போடற வரைக்கும் அங்கயே தின்னட்டும். ஆனா இந்த அறுப்புப் புல்லு அதுக்கு முன்னாலயே தீந்துரும். அடுத்த அறுப்புக்கும் ஒரு லோடு ஊத்துனாத்தான் தாங்கும். உங்களால முடியுமா?"

"முடியும்!" என்றது ஊர். தரகர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகுதான் நினைவு வந்தது. ஊரில் ஒரு தொட்டியிலும் ஒன்றும் இல்லை. மணிவேல் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்துவிட்டு, "இது ரொம்பறதுக்கு வருசக் கணக்காகுங்ணா" என்றார்.

மறுபடியும் கூட்டம்.

"நாம இத்தனை பேருதான் இருக்கறோம்" என்றார் தலைவர் சோகமாக. "எவ்வளவுதான் பாடுபட முடியும்?"

"ஆளு பத்தலைன்னா வெளியூருல இருந்து வரவழைக்கோணுங்க" என்றார் ராயப்பன். "ஒரு விருந்து வைப்போம். கரட்டுப்பாறையையே கூப்புடுவோம். வயிறு நெறையப் போடுவோம். ஆனா சாப்புட்டுட்டு ஒரு ஆளும் ஊருக்குத் திரும்பிப் போயிரக் கூடாது. சத்து அந்தப் பக்கம் போயிரும்."

அந்த ஊர் இதுவரை கண்ட கூட்டங்களிலேயே எதிர்ப்பில்லாமல் நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான்.

விருந்து பிரமாதம். கறி, பருப்பு, நெய், முட்டை, பாயசம், அதற்கு மேல் விளக்கெண்ணெயில் தாளித்த ஒரு கூட்டு. கரட்டுப்பாறைக்காரர்கள் அந்தப் பாசத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டுச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு எழுந்தபோது ஊர் எல்லையில் மாட்டுவண்டிகளை நிறுத்தி வழி அடைத்திருந்தது. எல்லா வீட்டுக் கழிப்பறை வாசலிலும் வாழைமரம் கட்டியிருந்தது.

முக்கிய விருந்தாளி அங்கமுத்துவுக்குத் தனி மரியாதை. மாலை போட்டு, மேளம் கொட்டி, தலைவர் வீட்டுக் கழிப்பறைக்குள் கொண்டுபோய் விட்டு, வெளியே தாழ் போட்டார்கள்.

"கதவைத் தொறங்கய்யா!" என்று உள்ளிருந்து கத்தினார் அங்கமுத்து. "ஏனய்யா வெளிய நின்னு மேளம் அடிக்கறீங்க? இப்படிச் சத்தம் போட்டா எனக்கு எப்படி வரும்?"

"மேளத்தை நிறுத்துங்கப்பா, அவரு யோசிக்கட்டும்" என்றார் தலைவர்.

மேளம் நின்றது. தொட்டிவலசு மொத்தமும் கதவில் காதை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஏனுங்க" என்று ராயப்பன் மெல்லக் கதவைத் தட்டினார். "பூராத்தையும் இங்கயே வெச்சுராதீங்க. தலைவர் வீட்டுக்கு மட்டும் செஞ்சா ஊருல சண்டை வந்துரும். எங்க வீட்டுக்கும் வரோணும்."

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த தெய்வாத்தாள், கதவிடுக்கில் வாயை வைத்துக் கைகூப்பிச் சொன்னாள்:

"செவலை உங்களைத்தான் நம்பியிருக்குதுங்ணா. கொஞ்சம் மனசு வைங்க!"