ஒன்பது பேருக்கு விடுமுறை

“என்ன செய்தாலும் இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறமாட்டேன் என்கிறது அம்மா,” என்றார் வேதமுத்து.

அவர் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். பள்ளியைச் சுற்றிலும் செங்கல் சூளைகள்.

சாமியம்மா சூளை ஆட்களுக்குத் தினமும் மதியம் கஞ்சி ஊற்றுகிறவள். அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் மனம் கசந்தால் அவளிடம்தான் வருவார்.

“எட்டாம் வகுப்பில் ஒன்பது பேருக்கு எழுத்துக்கூட்டவே வராது. கணக்கு வாத்தியார் போய் நாலு வருஷம். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. இருக்கிற ஒருத்தரையும் கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல் என்று இழுத்துக்கொள்கிறார்கள். மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக் கத்துகிறேன். நாளைக்கு ஆய்வு. ஆள் போடாத அதிகாரியே வந்து, ஏன் படிக்கவில்லை என்று என்னைக் கேட்பார்.”

“என்ன செய்யப்போகிறீர்கள் வாத்தியாரே?”

“எப்போதும்போலத்தான். ஒன்பது பேரையும் நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.”

“போனார்களா?”

“எட்டுப் பேர் குதித்துக்கொண்டு போனார்கள். பூவிழி என்று ஒருத்தி மட்டும், ‘அப்ப எனக்கு எப்ப சார் சொல்லிக் குடுப்பீங்க?’ என்றாள்.”

சாமியம்மா எழுந்தாள். சூளை ஆட்கள் தட்டோடு உட்கார்ந்திருந்த பந்திக்கு அகப்பையோடு போனாள்.

“வயிறு ஒட்டினவர்கள் எல்லாம் வெளியே போங்கள். சாப்பிட்டு வந்தவர்கள் மட்டும் உட்காருங்கள்.”

மண் சுமக்கிற ஒருத்தி தட்டோடு எழுந்தாள். “ஏன் சாமியம்மா, எங்க வயிறு இன்னைக்கு உங்க கண்ணை உறுத்துதா?”

வேதமுத்துவுக்கு முகம் சிவந்தது. “என்ன அநியாயம் இது! பசித்தவர்களைத் துரத்திவிட்டு யாருக்கு ஊற்றப்போகிறீர்கள்?”

“அரிசி கொடுக்கிற முதலாளி பார்க்க வருகிறார். பந்தியில் கொழுத்த ஆட்கள் இருந்தால்தானே எனக்குப் பேர்?”

அவர் எழுந்து போகிறவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் அகப்பையை அவர் கையில் திணித்தாள். “கூப்பிடுங்கள் அவர்களை.”

ஊற்றி முடித்துப் பள்ளிக்குப் போனவர், மாலையில் வீட்டுக்குப் போகவில்லை. அந்த ஒன்பது பேரின் வீடுகளைத் தேடிச் சூளை சூளையாக நடந்தார்.

மறுநாள் முதல் வரிசையில் ஒன்பது பேரும் இருந்தார்கள்.

அதிகாரி பூவிழியிடம் புத்தகத்தை நீட்டினார். அவள் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாள்.

அதிகாரி வேதமுத்துவின் காதருகே குனிந்தார். “என்ன சார் புதுசா? இதுகளை எதுக்கு வரச் சொன்னீங்க?”

“இவங்களுக்குத்தான் சார் பசி,” என்று சொல்லி, வேதமுத்து சாக்பீஸை அதிகாரியின் கையில் திணித்தார்.