கருவாட்டுக் கை

"எத்தனை தடவைதான் சாமி ஒருத்தி மன்னிப்புக் கேக்கது?"

மெற்றில்டா வாசலில் நின்றபடியே கேட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

உள்ளே பாதிச்சாமி கோழி கழுவிக்கொண்டிருந்தார்.

குருமடத்துப் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. அங்கி கிடையாது, பூசை கிடையாது. சின்னக் கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு பூனை. வயதும் ஒன்றும் ஆகிவிடவில்லை. அவர் டவுசர் இல்லாமல் கடற்கரையில் ஓடிய காலத்திலிருந்தே மெற்றில்டாவுக்கு அவரைத் தெரியும். ஆனாலும் மனசு சரியில்லாவிட்டால் ஊர்க்காரர்கள் இங்கேதான் வருவார்கள். பெரிய சாமியாரிடம் போனால் ஜெபம் சொல்லச் சொல்வார். இவர் வேறு ஏதாவது செய்யச் சொல்வார், ஏன் என்று மட்டும் சொல்லமாட்டார்.

"யாருகிட்ட மன்னிப்பு?" என்றார்.

"எல்லாம் எம் மவ பபியோலாகிட்டதான். நாலு வருசம் கழிச்சு வந்திருக்கா. ஏழு மாசம் வேற, ஆடியில பேறுகாலம். தலைப்பிரசவத்துக்கு இங்க வருவியாட்டின்னு கேட்டா, 'பாப்போம்'ங்கா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரயிலு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

மெற்றில்டா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அதைச் சொல்ல வாய் வராது. ஊருக்கே தெரிந்த கதைதான். வேற்றுமதத்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, ஆசீர்வாதம் வாங்க வாசலில் வந்து நின்ற மகள்மீது இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றியவள் அவள். பபியோலா தலைமுடியிலிருந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனாள்.

"வீட்டுல என்ன சாப்பிடுதா?" என்றார் பாதிச்சாமி.

"தயிர்ச்சோறு."

"மீனு?"

"வாடையே ஆகலை. மீன்குழம்புல கொடம்புளி வாசம் வந்தாலே ஓடுதா."

"கோழி?"

மெற்றில்டாவுக்குச் சுருக்கென்றது. மீன் விஷயத்தில் அவளை அடிக்க அந்தக் கடற்கரையில் ஆள் கிடையாது. கோழி மட்டும் அவள் கைக்கு மசிவதில்லை. "நான் வெச்சா நார்நாரா இருக்குமாம். சின்னப் பிள்ளையிலருந்தே சொல்லுவா."

பாதிச்சாமி கையைத் துடைத்துக்கொண்டார்.

"கல் உப்பைத் தண்ணியில கரைங்க. கோழியை அதுல ஊறப் போடுங்க. அப்புறமா எடுத்துட்டு வாங்க."

"நான் மனசைப் பத்திக் கேக்கேன். நீ கோழியப் பத்திச் சொல்லுதே."

அவர் பூனைக்குக் குடலை எடுத்துப் போட்டார். அவ்வளவுதான், அதற்குமேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயராது.

மெற்றில்டா முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

*

மறுநாள் தூக்குப்பாத்திரத்தோடு வந்தாள்.

பாதிச்சாமி ஒரு துண்டை எடுத்து எண்ணெயில் போட்டு வறுத்தார். வாயில் வைத்தார். மென்றார். நெடுநேரம் மென்றார். மிச்சத்தைப் பூனைக்குப் போட்டார். பூனை நக்கிப் பார்த்துவிட்டு நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனது.

"கருவாடு நல்லா வந்திருக்கு பெரியம்மா."

"கிண்டல் பண்ணாத சாமி. எப்பவும் போடுத கைதான்."

"எப்பவும் எதுக்குப் போடுவீங்க?"

"சீலாவுக்கு, நெத்திலிக்கு. அள்ளி அள்ளிப் போட்டாத்தான் தண்ணி பூரா வெளிய வரும். இல்லாட்டி நாறிப்போயிரும்லா."

"இதுல தண்ணி வெளிய வரணுமா, உள்ள நிக்கணுமா?"

மெற்றில்டா தூக்குப்பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

அவர் எழுந்து கடலைப் பார்த்துக் கையை நீட்டினார். "சின்ன வயசுல குளிக்கும்போது வாய்க்குள்ள தண்ணி போயிருக்கும்லா? அந்த ருசி. அதுக்குமேல ஒரு சொட்டுத் தூக்கலா இருக்கலாம். ஒரு கட்டி கருப்பட்டி. நாலு மிளகு. போதும்."

அன்று சாயங்காலம் நவநாள் ஜெபம் முடிந்து எல்லாரும் கோயிலை விட்டு வெளியே வந்தார்கள், பபியோலாவும். முற்றம் நிறையப் பெண்கள். மெற்றில்டாவுக்கு என்ன தோன்றியதோ, சட்டென்று மகளின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். "என்னைய மன்னிச்சிருட்டி, இந்தப் பாவியை மன்னிச்சிரு" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுகை பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் இத்தனை சிக்கலே கிடையாது.

பெண்கள் சுற்றி நின்றார்கள். ஒருத்தி, "பெத்தவ கால்ல விழுதா, இன்னும் மரம் மாதிரி நிக்கா பாரு" என்றாள்.

பபியோலா முகம் வெளுத்துப்போய்த் தாயைத் தூக்கி நிறுத்தினாள். வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அன்று ராத்திரி தயிர்ச்சோறும் இறங்கவில்லை.

*

அடுத்த கோழியோடு வந்தபோது மெற்றில்டாவுக்கு மூச்சு வாங்கியது.

"அளவு சரியாத்தான் போட்டேன். நாக்குல வெச்சுப் பாத்துத்தான் போட்டேன். கடல் தண்ணி மாதிரியேதான் இருந்துது. ஆனா இதைப் பாரு."

கோழித் துண்டுகள் மேலே வெளுத்து, தோல் சுருங்கிக் கிடந்தன.

பாதிச்சாமி கத்தியால் ஒரு தொடையைக் கீறினார். உள்ளே பச்சைச் சிவப்பு. வெந்தது மேல்தோல் மட்டும்தான்.

"தண்ணியைச் சுட வெச்சீங்களா?"

"சுட வெக்காட்டி கல் உப்பு கரையுமா?"

"சட்டுன்னு கரையாதுதான்."

"பின்ன?"

"ஆற வெச்சீங்களா?"

"ஆற எங்க சாமி நேரம்? ஞாயித்துக்கிழமை ரயிலு!"

அவர் அந்த வெளுத்த துண்டுகளைக் கழுவி, வெங்காயம் வெட்டி, தனக்குக் குழம்பு வைக்க ஆரம்பித்துவிட்டார். மெற்றில்டா நின்றாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். உலையில் போட்ட அரிசி மாதிரி ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்றது மனசு. சாமி என்பது போய் ஞானஸ்நானப் பெயரே வாயில் வந்துவிட்டது.

"ஏலே லியாண்டர்! உங்க ஆத்தாவுக்குப் பிரசவம் பாத்தவ நான். வாயைத் தொறந்து ஏதாவது சொல்லேன்ல."

"கரையச் சூடு வேணும்" என்றார் பாதிச்சாமி.

"அப்புறம்?"

"அப்புறம் கோழி இருக்கு."

அவள் தூக்குப்பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டில் பபியோலா சன்னலோரம் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் மெற்றில்டா கத்தத் தொடங்கிவிட்டாள்.

"ஏட்டி, நானும் வந்த நாள்லருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். கால்லயும் விழுந்துட்டேன். இன்னும் என்ன செய்யணுங்கே? உனக்கென்ன கல்லு மனசா? வருவியா மாட்டியா, ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்!"

பபியோலா தலையைத் தூக்கினாள். கோபமே இல்லை அவள் முகத்தில். அதுதான் மெற்றில்டாவைக் கலக்கியது.

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"எதுக்குட்டி பயம்?"

"நீ மன்னிப்புக் கேக்கும்போதுதான். அன்னைக்கு மண்ணை வாரித் தூத்துனப்பவும் இதே குரல்தான்."



மெற்றில்டா மெதுவாக அடுக்களைக்குள் போனாள். எதற்குப் போனோம் என்று தெரியாமல் வெகுநேரம் அங்கே நின்றாள்.

*

சனிக்கிழமை காலையில் தண்ணீர் காய்ச்சினாள். உப்பும் கருப்பட்டியும் கரைந்தன. இறக்கி வைத்தாள். ஆவி போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை விட்டுப் பார்த்தாள், சூடு. மாதாவுக்கு ஒரு ஜெபமாலை சொல்லிவிட்டு வந்து பார்த்தாள், இளஞ்சூடு. இன்னொரு ஜெபமாலை சொன்னாள். ஆறிய பிறகு கோழியை முக்கி, மூடி போட்டு, பிரிட்ஜுக்குள் வைத்தாள்.

சற்று நேரத்தில் திறந்து பார்த்தாள். கோழி கோழியாகவே கிடந்தது.

மறுபடி திறந்தாள். ஒரு துண்டை விரலால் அமுக்கினாள். மூடினாள். திறந்தாள்.

"எதுக்கும்மா பிரிட்ஜைத் தொறந்து தொறந்து மூடுதே?" என்று கேட்டாள் பபியோலா.

இனி வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று தோன்றிவிட்டது. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலோடு கிளம்பிப் போனாள்.

"ஊறிருச்சுன்னு எப்படித் தெரியும் சாமி?"

"தெரியாது."

"பாத்தா தெரியாதா?"

"பாத்தா அப்படியேதான் இருக்கும்."

"அப்ப நான் என்னதான் செய்யணும்?"

"நீங்க செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சே."

"செஞ்சுட்டுச் சும்மா இருக்கவா சொல்லுதே?"

பாதிச்சாமி ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார்.

அவள் உட்கார்ந்தாள். எழுந்தாள். முற்றம்வரை நடந்தாள். வந்தாள். உட்கார்ந்தாள். பூனை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பாதிச்சாமி சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஊறியிருக்குமா?"

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நான் போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருதேன்."

"பெரியம்மா, பிரிட்ஜைத் தொறந்தா யாருக்குக் குளிரும்?"

அவள் வாசல் வரைக்கும் போனவள் நின்றாள். யோசித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். இந்த முறை எழவில்லை.

கோயில் நிழல் முற்றத்தைத் தாண்டி நீண்டது. அவள் கிளம்பினாள். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"உப்பு ஜாடியை எடுத்து மேல் தட்டுல வெச்சிருங்க."

"எதுக்கு?"

அவர் அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்.

*

ஞாயிறு. பூசை முடிந்து வந்து கோழியை வெளியே எடுத்தாள்.

கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரிந்தது. துண்டுகள் நல்ல கனமாக இருந்தன. அலசி, துணியால் ஒற்றினாள். மிளகும் பூண்டும் தட்டிப் பிரட்டினாள். தேங்காயெண்ணெய் காய்ந்தது, கறிவேப்பிலை பொரிந்தது. கோழியைப் போட்டாள்.

அறைக்குள் பபியோலா பெட்டி அடுக்கும் சத்தம் கேட்டது. பெட்டி மூடுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் மெற்றில்டா அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். இன்னும் ஒரு தடவை கேட்டால் என்ன? கடைசியாக ஒரே ஒரு தடவை. அழாமல், சத்தம் போடாமல்.

கோழியைப் பிரட்டினாள். கை தன்னால் அடுப்புக்குப் பக்கத்தில் துழாவியது. உப்பு ஜாடி இருக்கும் இடம் அது. ஜாடி இல்லை.

குதிகாலைத் தூக்கி, மேல் தட்டிலிருந்து ஜாடியை இறக்கினாள். மூடியைத் திறந்தாள். ஒரு கை அள்ளினாள். கையைச் சட்டிக்கு நேராகக் கொண்டுபோனாள்.

அங்கேயே நின்றது கை.

எண்ணெய் சடசடத்தது. மெற்றில்டா தன் மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். மண்ணை வாரித் தூற்றியதும் இந்தக் கைதான், கோயில் முற்றத்தில் மார்பில் அடித்துக்கொண்டதும் இதே கைதான். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. சத்தம் வரவில்லை.

உப்பை மறுபடி ஜாடிக்குள்ளேயே போட்டாள். ஒரு கல்கூடக் கீழே சிந்தவில்லை.

நிமிர்ந்தபோது பபியோலா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து அவள் அந்த வாசலுக்கு வந்ததில்லை.

"என்னம்மா, உப்புப் போடலையா?"

"போட்டாச்சும்மா."

பபியோலா தாயைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். மறுபடி தாயைப் பார்த்தாள்.

பிறகு உள்ளே வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மணையில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். மெற்றில்டா ஒரு துண்டை எடுத்து ஊதிக் கொடுத்தாள்.

மகள் கடித்தாள். சாறு விரலில் வழிந்தது. மென்றாள். விரலைச் சப்பினாள். இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினாள்.

வருவியாட்டி என்கிற வார்த்தை மெற்றில்டாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவள் சட்டியில் இருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரட்டிப் போட்டாள். பிரட்டியதையே மறுபடியும் பிரட்டினாள்.

"அம்மா."

"என்னட்டி?"

"ஆடியில இங்க வெயில் எப்படிம்மா இருக்கும்?"

மெற்றில்டா அடுப்பைத் தணித்தாள்.

"காத்து அடிக்கும்மா" என்றாள்.