மலையரசன் மொழி மாறிய கதை

பூம்பொழில் நாட்டு அரசர் கடம்பமாறனுக்கு ஒரே கவலை. பக்கத்து நாட்டு யானைகளெல்லாம் வடபுலத்து மொழிக்கு மாறிவிட்டன. தம் யானைகள் மட்டும் இன்னும் தமிழிலேயே நடந்துகொண்டிருந்தன.

"நாம் மூன்று சொல் சொல்லும் இடத்தில் அங்கே ஒரே சொல் போதும்" என்றார் தளவாய் வீரசிங்கம். "எல்லாரும் மாறிவிட்டார்கள், அரசே."

எல்லாரும் என்ற பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? வடக்கிலிருந்து பெருஞ்சம்பளத்தில் ஒரு பாகன் வந்து யானைகளுக்குப் புதுச் சொற்களைப் பழக்கினான். உள்ளூர்ப் பாகர்களை மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்ப முடிவாயிற்று. யானையிடம் தமிழில் பேசுகிறவர் யாராக இருந்தாலும் ஒரு மாதம் கொட்டிலில் லத்தி அள்ள வேண்டும் என்று ஆணையும் வந்தது. அந்த 'யாராக இருந்தாலும்' என்பதைச் சேர்த்து எழுதியவர் அரசவை விகடகவி மருதாசலம்.

வெள்ளோட்ட நாள். பட்டத்து யானை மலையரசன்மேல் அரசர் ஏறினார். வடக்குப் பாகன் கீழே நின்று ஒரு சொல் சொன்னான். யானை முற்றத்தைச் சுற்றத் தொடங்கியது. கூட்டம் கைதட்டியது. மருதாசலம் பாகன் காதில் ஏதோ சொன்னார். அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

யானை சுற்றியது. மறுபடி சுற்றியது.

"போதும், நிறுத்துங்கள்!" என்றார் அரசர்.

நிறுத்தும் சொல் யாருக்கும் தெரியவில்லை.

"ஒச்சா, நீயாவது சொல்லேன்!"

உள்ளூர்க் கிழப்பாகன் ஒச்சன் வாயைப் பொத்திக்கொண்டு காவலர்களைக் காட்டினான். அரசருக்குத் தலை சுற்றியது. கிரீடம் கழன்று விழுந்தது.

"நில்லுடா மலையரசா! மண்டி போடு!" என்று அலறினார்.

யானை நின்றது, மண்டியிட்டது. பழையதை அது மறக்கவே இல்லை.

"அந்தப் பாகன் எங்கே?"

"பக்கத்து நாட்டில் இரட்டைச் சம்பளமாம், அரசே. நான்தான் சொன்னேன்" என்றார் மருதாசலம்.

"நீயா!"

"நான் சொல்லாவிட்டால் போர் நேரத்தில் எதிரிகள் யாராவது சொல்லியிருப்பார்கள். அப்போது தாங்கள் போர்க்களத்தில் சுற்றிக்கொண்டிருப்பீர்கள்."

அரசர் யானையிலிருந்து இறங்கினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆணையை ரத்து செய்தார். பாகர்களின் வேலை பிழைத்தது. மருதாசலத்துக்கு முத்துமாலை கிடைத்தது. அவர் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"ரத்தாகும் முன்பே தாங்கள் தமிழில் பேசிவிட்டீர்கள். லத்திக் கூடையை யாரிடம் கொடுக்கட்டும்?"

அரசர் தளவாயைக் காட்டினார்.

ஒரு மாதம் தளவாய் லத்தி அள்ளினார். "கொஞ்சம் தள்ளி நில்லப்பா" என்று யானைகளிடம் தமிழில்தான் கெஞ்சினார். வடபுலத்து மொழியில் அவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது.